37 டிகிரியில் முளைக்குது பாருங்க!

சொன்னால் சிரிப்பீர்கள், பரவாயில்லை. என் கழுத்துத் தேமலைப் பார்த்து நானே கைதட்டினேன்! பம்பாயில் ஜூலை மாதச் செம்பூர் எப்படி என்று தெரியும்தானே? துவைத்த சட்டை காயவே காயாது, ஹார்பர் லைன் ரயிலில் ஏறி இறங்கினால் முதுகோடு ஒட்டிக்கொள்ளும். அந்தக் கசகசப்புதான் மலசீஸியாவுக்குக் கொண்டாட்டம். நம் எல்லார் தோலிலும் உருண்டை ஈஸ்ட்டாகச் சும்மா கிடக்கிற பூஞ்சை அது, எண்ணெய்ப்பசைதான் சாப்பாடு. வெக்கையும் வியர்வையும் கூடினால் அதுவே குட்டிக் குட்டி இழையாக நீண்டு தேமல் போட்டுவிடும். இங்கே ஒரு சின்ன லேபில் வேலை பார்க்கிற அண்ணன் மகள் என் கழுத்தில் செல்லோ டேப் ஒட்டிப் பிய்த்தாள், கேஓஹெச்சில் பார்க்கர் இங்க் கலந்து ஒரு சொட்டு விட்டாள், "பாருங்க சித்தப்பா" என்றாள். அடடா, சேமியாவும் ஜவ்வரிசியும் மிதக்கிற பாயசம், அதுவும் நீலக் கலரில்!

ஆனால் இது மாறி முடிந்த பிறகு பார்த்தது. மாறும்போதே பார்க்க வேண்டாமா? அதற்குத்தான் கேண்டிடா அல்பிகன்ஸ், குழந்தைகள் நாக்கில் வெள்ளைப் படலம் போடுமே, அதே ஆசாமி.

கொஞ்சம் கற்பனை பண்ணுங்கள். அரை மில்லி சீரம், அதில் காலனியைக் குச்சியால் லேசாகத் தொட்டுக் கலக்கி 37 டிகிரி இன்குபேட்டரில் வைத்தாயிற்று. முதல் சொட்டில் உருண்டைகள், வெறும் உருண்டைகள். நான் இருப்புக்கொள்ளாமல் எழுந்து எழுந்து உட்கார்கிறேன், "ஆச்சா, ஆச்சா" என்று கேட்டு அந்தப் பெண்ணின் உயிரை வாங்குகிறேன். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு சொட்டு, கவர் ஸ்லிப்பை மூடி ஃபோகஸ் திருகினால் அங்கங்கே ஒரு புடைப்பு. இரண்டு மணி நேரம் ஆனதும் ஐயோ, உருண்டை உருண்டையாக இருந்ததெல்லாம் ஜெர்ம் ட்யூப் என்கிற குழாயை ஆளுக்கொன்றாக நீட்டிக்கொண்டு நிற்கிறது, வழவழவென்று, கிளம்புகிற இடத்தில் கொஞ்சமும் இறுக்கமில்லாமல் (இறுக்கம் இருந்தால் அது ஜெர்ம் ட்யூப் இல்லையாம், நன்றாகப் பார்த்துவிட்டேன்), நான் "முளைச்சிருச்சு, முளைச்சிருச்சு!" என்று போட்ட கூச்சலில் ரத்தம் கொடுக்க வந்தவர் ஓடியே போயிருப்பார்! ரெய்னால்ட்ஸ், பிராட் என்கிற ஆய்வாளர்கள் 1956இல் சொன்ன விஷயம், இன்றைக்கும் இரண்டு மூன்று மணி நேரத்தில் அல்பிகன்ஸைப் பெரும்பாலும் அடையாளம் காட்டிவிடுகிறது, பெரிய செலவும் கிடையாது.

உடம்புச் சூடு வேண்டும், சீரம் வேண்டும், அமிலம் தூக்கலாக இருக்கக் கூடாது, இருந்தால் உருண்டையாகவே கிடக்கும். கூட்டம் கூடினாலோ இன்னும் அமர்க்களம்: ஃபார்னசால் என்று ஒன்றைச் சுரந்து, 'இடமில்லை, யாரும் நீட்டாதீர்கள்' என்று தங்களைத் தாங்களே அடக்கிக்கொள்கின்றன! ஹார்பர் லைன்காரனுக்கு இதை விளக்கவே வேண்டாம். வெள்ளணு அல்பிகன்ஸை விழுங்கினால் என்ன நடக்கும் தெரியுமா? உள்ளேயே முளைத்து, நீண்டு, விழுங்கியவனையே குத்திக்கொண்டு வெளியே வந்துவிடும்! சரி, ரத்தத்தில் இறங்கினால் ஐசியுவில் ஆளையே கொண்டுபோகிற சனியன்தான், மறுக்கவில்லை. அழகு இல்லையென்று மட்டும் சொல்லாதீர்கள்.

இதற்கு நேர் தலைகீழாகவும் ஒன்று உண்டு. 1999இல் மணிப்பூர் நோயாளிகளிடம் பதிவான மார்னெஃபி என்கிற பூஞ்சை. 25 டிகிரியில் இழை இழையாகப் படர்ந்து தட்டு முழுக்க ரத்தச் சிவப்பை இறக்கும், 37க்கு ஏற்றினால் இழையை விட்டுவிட்டு ஈஸ்ட்டாகிவிடும். அல்பிகன்ஸ் நம் சூட்டில் நீள்கிறது, இது நம் சூட்டில் சுருங்குகிறது!

உருமாறுகிற கதையில் நம்ம மதுரைப் பாத நோயை விட்டுவிட்டால் எப்படி? கிரேஸ் அனாட்டமிக்குப் படம் வரைந்த வாண்டைக் கார்ட்டர் இதே பம்பாய்க்கு வந்து கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் வேலை பார்த்தவர், அந்த நோய்க்குக் காரணம் பூஞ்சை என்று 1860களிலேயே சொன்னவர். மதுரெல்லா என்கிற அந்தப் பூஞ்சை காலுக்குள் கருப்புக் குருணையாகக் கட்டிப்போய் இருக்கும், தட்டில் வளர்த்தால் இழையாகப் படரும். அந்தக் குருணையை ஒரு தரம் லென்ஸில் பார்த்துவிட வேண்டும் என்று துடிக்கிறேன். "அதெல்லாம் நம்ம லேபுக்கு வராது சித்தப்பா, வீட்டுக்குப் போங்க" என்கிறாள். போவேனா? தேமல் இன்னும் முதுகில் பாக்கி இருக்கிறதே!