அடுக்கி வைத்த லயம்

தேயிலைத் தோட்டத் தொழிலாளருக்கு மாடி வீடு கட்டிக் கொடுக்கலாம் என்ற யோசனை மலையகத்தில் அவ்வப்போது தலைதூக்குவதுண்டு. 2013 நவம்பரில், மறு ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில் தோட்டங்களுக்கு 50,000 வீடுகள் என்ற முன்மொழிவு வெளியானபோது, அவை மாடிக் குடியிருப்புகளாகவே அமையும் என்று பேசப்பட்டது. மலையகப் பொது அமைப்புகள் இதனை எதிர்த்தன. காணியோடு கூடிய தனி வீடே வேண்டும் என்றன. வசதியை வேண்டாம் என்னும் பேதைமை இது என்று கருதுவோர் இன்றும் உளர். ஆகவே, அரசியல் ஆரவாரங்களை ஒருபுறம் ஒதுக்கிவிட்டு, மாடிக் குடியிருப்பை ஒரு கட்டட அமைப்பாகவே கொண்டு நிறுத்துப் பார்ப்போம்.

முதலில், அது எதற்கு மாற்றாக வருகிறது? லயத்திற்கு. லயத்தைத் திட்டமின்றி எழுந்த குடிசை வரிசை என்று எண்ணுவது தவறு. தன் நோக்கத்தை முற்றிலும் நிறைவேற்றிய கட்டடக் கலை அது! மேட்டில் துரையின் பங்களா; அங்கிருந்து நோக்கினால் தோட்டம் முழுவதும் தெரியும். பள்ளத்தில், தேயிலைக்கு உதவாத துண்டு நிலத்தில், நீண்ட கூரையொன்றின் கீழ் வரிசையாகக் காம்பிராக்கள். ஒரு காம்பிரா பத்தடிக்குப் பன்னிரண்டடி. முன்னால் ஓர் இஸ்தோப்பு. இரட்டை லயமாயின் ஒரு குடும்பத்தின் பின்சுவரே மற்றொரு குடும்பத்தின் பின்சுவர். பின்வாசலும் இல்லை, காற்றும் இல்லை. ஆட்களை எண்ணுவது எளிது; விடியற்காலையில் எழுப்பிப் பிரட்டுக்களத்தில் நிறுத்துவது எளிது; வேலை இழந்தவனை வெளியேற்றுவதும் எளிது. ஒரு பிடி மண்ணும் அவனுக்குச் சொந்தமில்லை. கடிதமும் தோட்டக் காரியாலயத்தின் வழியாகவே அவன் கைக்கு வந்து சேரும்.

மாடி வீடு இவற்றுள் எதனை மாற்றுகிறது? சமையலறை தனியாகிறது, மலசலகூடம் வீட்டுக்குள் வருகிறது, ஒழுகாத கூரை கிடைக்கிறது. இவை சிறியனவல்ல, எட்டுப்பேர் ஒரே காம்பிராவில் உறங்கும் குடும்பத்திடம் போய் இவற்றை அற்பம் என்று சொல்லும் துணிவு நமக்கில்லை. ஆயினும் லயத்தின் மூலவிதி மாறவில்லை. மிகக் குறைந்த நிலத்தில் மிக அதிகமான உழைப்பாளரை அடக்குவது என்பதே அவ்விதி. கிடையாகக் கிடந்த லயம் நிமிர்ந்து நிற்கிறது, அவ்வளவுதான்.

தோட்டத் தொழிலாளியின் வாழ்க்கை சுவர்களுக்குள் முடிவதில்லை. நாட்சம்பளம் போதாத வீட்டில் ஒரு பசுவும், பத்துப் பாத்தி மரக்கறியும், சில கோழிகளும்தாம் மாதக் கடைசியைத் தாங்கி நிற்பவை. மூன்றாம் மாடியில் மாட்டுப்பட்டி எங்கே? விறகு எங்கே அடுக்குவது? விறகடுப்பின் புகை எந்த வழியாகப் போகும்? பகலெல்லாம் மழையில் கொழுந்து பறித்துவிட்டு நனைந்த படங்கோடு வரும் பெண், படிக்கட்டு ஏறி அதனை எங்கே உலர்த்துவாள்? வரைபடம் வரைவோருக்கு இவை சில்லறைக் கேள்விகளாகத் தோன்றலாம். மாசி மாதத்துக் காமன் கூத்துக்கும் ஒரு பொட்டல் வேண்டும். மாடிக் கட்டடத்தின் அடியில் வாகனம் நிறுத்த ஒதுக்கிய இடம் காமன் பொட்டலாகிவிடாது.

கொழும்பு நகரம் இதற்கொரு பாடம். நகர அபிவிருத்தி அதிகாரசபை தெமட்டகொடை, வனாத்தமுல்லைப் பகுதிகளில் எழுப்பிய அடுக்குமாடிகளில் தலா 400 சதுர அடி வீடுகளில் ஏழைக் குடும்பங்கள் குடியேற்றப்பட்டன. மின்தூக்கி பழுது, குப்பைத் தேக்கம், வாசலில் நடத்திவந்த சிறு தொழிலை இழந்த துயரம் என்று அவர்கள் முறையிட்டு வருகின்றனர். நகரத்திலேயே இந்த நிலை என்றால், மின்தூக்கியைப் பழுதுபார்க்க அட்டனிலோ நுவரெலியாவிலோ ஆள் தேட வேண்டிய மலைத்தோட்டத்தில் என்னவாகும்?

மாடிக்கு ஆதரவான வாதங்களுள் அதிகம் ஒலிப்பது, தேயிலை நிலம் வீணாகக் கூடாது என்பது. கணக்குப் போடுவோம். குடும்பத்துக்கு 7 பேர்ச் வீதம் 50,000 குடும்பங்களுக்கு 3,50,000 பேர்ச். ஏக்கருக்கு 160 பேர்ச். ஆக ஏறத்தாழ 2,190 ஏக்கர். இலங்கையின் தேயிலை நிலம் குறைத்துக் கணித்தாலும் 5 லட்சம் ஏக்கர் அளவு. நூற்றில் அரைப் பங்குகூட இல்லை! குடும்பத்துக்கு 20 பேர்ச் கொடுத்தாலும் 6,250 ஏக்கர்தான். காடு மண்டிக் கைவிடப்பட்டுக் கிடக்கும் தேயிலை மலைகளைக் கண்டவர்கள் இந்த நிலப்பஞ்சக் கதையை நம்ப மாட்டார்கள். உண்மையான தடை வேறு. 1992இல் நிருவாகம் தனியார் கைக்குப் போனபோது, அரசு நிலம் 53 ஆண்டுக் குத்தகைக்குக் கம்பனிகளிடம் சென்றது. தொழிலாளிக்குக் காணி உறுதி வழங்குவதென்றால் அக்குத்தகையிலிருந்து ஒரு துண்டை விடுவித்தாக வேண்டும். மாடி வீட்டில் அந்தச் சங்கடம் குறைவு. வீட்டின் கதவுக்கு எண் உண்டு. கீழேயுள்ள மண் தனியொருவருக்கும் உரியதன்று.

மற்றொரு வாதம் நேர்மையானது. அதனை மதிக்க வேண்டும். சரிவெங்கும் தனி வீடு கட்டினால் மலையைப் பல இடங்களில் வெட்டவேண்டும், பாதை போடவேண்டும், மண்சரிவு அபாயம் பெருகும் என்பது அது. 2014 அக்டோபர் 29 அன்று கொஸ்லந்தையில் மீரியபெத்தை லயங்கள் மண்ணுள் புதைந்ததை யார் மறப்பார்? 2005லும் 2011லும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அவ்விடம் ஆபத்தானது என்று எச்சரித்திருந்தது. 2025 நவம்பரில் டிட்வா புயல் மலையக மாவட்டங்களில் மீண்டும் அந்தக் கொடுமையைக் காட்டியது. ஆயினும் புதைந்த மீரியபெத்தையில் தனி வீடுகள் நின்றிருக்கவில்லை. எச்சரிக்கைக்குப் பின்னும் காலி செய்யப்படாத லயங்களே நின்றிருந்தன. நல்ல நிலம் தேயிலைக்கும் எஞ்சிய நிலம் மனிதருக்கும் என்ற பழைய பங்கீட்டைத் தொடாமல், பல மாடிகளின் பாரத்தையும் அதே எஞ்சிய நிலத்தில் ஏற்றுவது எப்படிப் பாதுகாப்பாகும்?

2015க்குப் பின் 7 பேர்ச் காணியில் 550 சதுர அடித் தனி வீடு என்ற முறை வந்தது. 2017 மே 12இல் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். அத்திட்டத்தில் காணி 10 பேர்ச் ஆயிற்று. வேகம் போதாது, தேவையோடு ஒப்பிட்டால் எண்ணிக்கையும் சிறிது. இத்தாமதத்தைக் காட்டியே மாடி யோசனை மறுபடியும் வரக்கூடும். தனி வீட்டுக்கு இடமே இல்லாத செங்குத்தான தோட்டங்கள் சில உண்டென்பது மெய். அங்கே இரண்டு தட்டுக்கு மேற்படாமல், மேல்தட்டுக்குச் சரிவின் மேற்புறத்திலிருந்தே வாசல் அமைத்து, ஒவ்வொரு குடும்பத்துக்கும் கட்டடத்தின் அருகிலேயே அளந்து எல்லையிட்ட தோட்டக் காணியும் அதற்குத் தனி உறுதியும் வழங்கும் வரைபடம் வருமானால், அதனைத் தொழிலாளர் முன் விரித்து விவாதிக்கலாம். இதுவரை விரிக்கப்பட்ட வரைபடங்களில் அந்தக் காணி இல்லை.