மெய்ப்பாடும் நம் சிறுகதை மாந்தரும்

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டு மெய்ப்பாடுகளை வகுத்தார். ஒவ்வொன்றும் நான்கு நிலைக்களன்களில் தோன்றும் என்றும் உரைத்தார். அழுகை ஒன்றே இளிவு, இழவு, அசைவு, வறுமை ஆகிய நான்கினின்றும் பிறக்கும். உள்ளத்துணர்ச்சி மெய்யின்கண் வெளிப்படுவதே மெய்ப்பாடு. எனவே, மாந்தரின் மெய்யை உற்றுநோக்காதவர் அவர்தம் உள்ளத்தை எழுதுதல் அரிது.

இவ்வளவுகோலால் மலேசியத் தமிழ்ச் சிறுகதைகளை அளந்தால் ஒரு குறை புலப்படும். 1950ஆம் ஆண்டில் தமிழ் நேசன் நாளிதழில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் கதை வகுப்பு நடத்தினர். அதன்பின் வந்த கதைகளுள் தோட்டப்புறத்தைக் களமாகக் கொண்டவை மிகப் பல. ஆயினும், களம் வந்த அளவுக்கு மனிதர் வரவில்லை. மரம் பால் சொரிய, அதனடியில் பெண்ணொருத்தி கண்ணீர் சொரிகிறாள். உவமை அழகியதே, ஆனால் அவள் யார்? எத்தோட்டத்துக்கும் எக்குடும்பத்துக்கும் பொருந்தும் பொதுப்பெண் அவள்.

மெய்யாகவே மரம் சீவுபவளுக்கு நின்று அழ நேரமில்லை. விடியற்குளிரில்தான் பால் நன்கு ஒழுகும். வெயிலேற ஒழுக்குக் குன்றும். நிரையை விரைந்து முடித்தாக வேண்டும். பட்டையை மெல்லிதாகச் சீவ வேண்டும். உளி ஆழ்ந்து மரத்தைத் தொட்டால் காயம் விழும். அவ்விடத்தில் புதுப்பட்டை சீராக வளராது. கங்காணியின் ஏச்சும் கிட்டும். இத்தனையும் அறிந்த கை, வீட்டில் பிள்ளை காய்ச்சலில் கிடக்கும் நாளில் ஒரு மரத்தில் சற்றே ஆழ்ந்துவிடுகிறது. அவள் அக்காயத்தை விரலால் தடவுகிறாள்; மங்கை நேராக வைத்துவிட்டு அடுத்த மரத்துக்கு நகர்கிறாள். கண்ணீர் என்னும் சொல் இன்றியே அங்கு அழுகை மெய்ப்படுகிறது.

இக்குறையின் வேர் வகுப்பறையில் இருக்கிறது. தந்தையைப் பற்றிக் கட்டுரை எழுதும் மாணவன், தன் தந்தை சட்டைப் பொத்தானை எக்கையால் மாட்டுகிறார் என்பதைக் காண்பதில்லை; மனனம் செய்த நல்ல தொடர்களை அடுக்கிப் புள்ளி பெறுகிறான். அவனே வளர்ந்து எழுத்தாளனாகும்போது தொடர்கள் மாறுகின்றன; பழக்கம் மாறுவதில்லை.

கண்டதையெல்லாம் பட்டியலிடுதலும் வருணனையாகாது. பத்துச் செயல்களைக் கண்டு, அம்மனிதருக்கே உரிய ஒன்றைத் தெரிந்தெடுப்பதே கலை. எஞ்சிய ஒன்பதும் எழுதப்படாமலே அவ்வொன்றுக்கு உறுதி தரும்.

இப்பயிற்சியை இனியும் ஒத்திப்போடுதல் தகாது. ரப்பர்த் தோட்டங்கள் பல செம்பனைக்கும் வீடமைப்புக்கும் இடம் தந்துவிட்டன. உளி பிடித்த தலைமுறையினர் முதுமையெய்தி, பலர் நகரத்து அடுக்குமாடி வீடுகளில் வாழ்கின்றனர். தேநீர்க் கோப்பையைப் பற்றும்போதும் அவர்தம் கைகளில் அவ்வுழைப்பின் சுவடு உண்டு. அவர்கள் நம்மிடையே இருக்கும்போதே அக்கைகளை நோக்குதல் எழுத்தாளர் கடன். நோக்கத் தவறின், நாளைய வாசகர்க்கு எஞ்சுவது அந்தப் பொதுப்பெண்ணின் கண்ணீர் மட்டுமே.