வாடகைப் பணமும் வாழ்வறமும்

பேர்னாட் ஷாவின் முதல் நாடகமாகிய ‘விடோவர்ஸ் ஹவுசஸ்’ 1892ஆம் ஆண்டு இலண்டன் றோயல்ற்றி அரங்கில் நடிக்கப்பெற்றது. பொருள் வந்த வழியை ஆராயாது அதன் பயனை நுகர்தல் தகுமோ என்பதே அந்நாடகம் எழுப்பும் வினா.

இளம் மருத்துவனாகிய திரெஞ்சு, தான் மணக்கவிருக்கும் பிளாஞ்சின் தந்தை சாட்டோரியசு சேரி வீடுகளில் வாழும் ஏழையரிடம் வாடகை வாங்கியே செல்வரானார் என அறிகின்றான். படிக்கட்டைத் திருத்தப் பணம் செலவிட்டமைக்காக வேலை இழந்த வாடகை தண்டுவோன் இலிக்சீசே அதனைக் கூறுகின்றான். அப்பணம் வேண்டா எனத் திரெஞ்சு சினக்கின்றான். ஆனால் அவன் ஆண்டுதோறும் பெறும் 700 பவுணும் அவ்வீடுகளின் மேலுள்ள ஈட்டுக்கு வரும் வட்டியே எனச் சாட்டோரியசு எடுத்துக்காட்டியதும் வாயடைத்து நிற்கின்றான். நாடகத்தின் உயிர்நிலை இவ்விடமேயாம். கயவன் ஒருவனைச் சுட்டிக்காட்டி, அவையோர் தம்மை நல்லவரெனக் கருதி வீடு செல்ல ஷா இடங்கொடுக்கவில்லை.

மூன்றாம் அங்கத்தில், புதிய வீதி வரவிருத்தலால் வீடுகளைச் செப்பனிடின் இழப்பீடு மிகும் என்றதும் சாட்டோரியசு அதற்கு இசைகின்றார், திரெஞ்சும் பங்காளியாகின்றான். அவனது உள்ளப் போராட்டத்தை ஆசிரியர் விரித்துக் காட்டாமை ஒரு குறையே. குடியிருப்போர் ஒருவரேனும் மேடைக்கு வாராமையைச் சிலர் குறையென்பர்; எமக்கோ அது பொருத்தமாகவே தோன்றுகின்றது. இலாபக் கணக்கில் அவர்க்கு முகம் ஏது?

அறவழி முதலீடு பற்றி இன்று பேசுவோர் இந்நாடகத்தைக் கற்றல் நன்று. வீடு திருந்தியது எவர்பொருட்டு என அவர்களும் வினவுவாராக.