28-இல் தொடங்கும் லென்ஸ்

ஸ்டாண்டர்ட் ஜூம் லென்ஸுக்கு ரசிகர் கூட்டம் கிடையாது. 85 எம்.எம். லென்ஸில் எடுத்த முகங்களைப் பற்றியும் 600 எம்.எம். லென்ஸில் பிடித்த பறவைகளைப் பற்றியும் மணிக்கணக்கில் பேசுகிறவர்கள், கேமராவை விட்டுக் கழற்றாமலே வைத்திருக்கும் ஜூமைப் பற்றிக் கேட்டால் ஒரு வாக்கியத்தில் முடித்துக்கொள்வார்கள். ஆனால் அவர்கள் வருடம் முழுக்க எடுத்த படங்களைப் புரட்டினால் பெரும்பாலானவை அந்த ஜூமில் எடுத்தவையாகவே இருக்கும். பிள்ளையின் பிறந்தநாள், ஊரிலிருந்து வந்த அத்தை, மழை விட்ட தெரு, வாசல் கோலம், கல்யாணப் பந்தி எல்லாம் அதன் வழியாகத்தான் வந்திருக்கும். இப்படி உழைக்கும் லென்ஸ்களில் ஒன்றை மனமாரப் பாராட்டவே இந்தக் கட்டுரை. சோனியின் ஈ மவுண்ட்டுக்காக டாம்ரான் 2018-இல் கொண்டுவந்த 28-75 எஃப்2.8, மாடல் எண் ஏ036.

கேமரா நிறுவனம் தானே செய்யும் லென்ஸையும் வெளியார் செய்யும் தேர்ட் பார்ட்டி லென்ஸையும் ஒரே அளவுகோலால் அளக்கக்கூடாது என்பது என் கட்சி. முதலாமவர் எல்லாவற்றையும் ஒரே குழலுக்குள் வைத்து, அதற்கு என்ன விலை வேண்டுமோ அதைச் சொல்லலாம். வாங்க ஆள் இருக்கிறது. வெளியாருக்கு அந்த வசதி இல்லை. ரயிலுக்குப் பெட்டி கட்டுகிறவர்போல எதையாவது வெளியே எடுத்து வைத்தால்தான் மூடி மூடும். எதை வெளியே வைத்தார், எதை விடாமல் உள்ளே திணித்தார் என்று பார்த்தால் அந்த லென்ஸைச் செய்தவரின் ரசனை முழுதும் தெரிந்துவிடும்.

சோனியின் சொந்த 24-70 எஃப்2.8 ஜி மாஸ்டர் 2016-இல் வந்தது. எடை 886 கிராம், முன்பக்க ஃபில்டர் 82 எம்.எம்., அமெரிக்காவில் அறிமுக விலை ஏறத்தாழ 2,200 டாலர். டாம்ரான் வந்தபோது எடை 550 கிராம், ஃபில்டர் 67 எம்.எம்., விலை 799 டாலர். இரண்டுமே எஃப்2.8. அபெர்ச்சரில் ஒரு பொட்டும் குறைக்காமல் 336 கிராமை எங்கே இறக்கி வைத்தார்கள்?

பதில் 28 என்ற அந்த முதல் எண்ணில் இருக்கிறது. எஃப்2.8 என்றால் பெரிய கண்ணாடி வேண்டும் என்று பலரும் நினைக்கிறோம். 75-ஐ 2.8-ஆல் வகுத்துப் பாருங்கள். ஒளி நுழையும் துளை 27 எம்.எம். அளவுதான். 28-இல் அது வெறும் 10 எம்.எம். இந்த வகை ஜூமின் முகத்தை அகலமாக்குவது பெரும்பாலும் அகலக் கோணத்தின் ஓரங்களிலிருந்து சரிந்து நுழையும் கதிர்கள். அந்தக் கதிர்கள் மூலைக்குப் போய்ச் சேரும் வரை வெட்டுப்படாமல் இருக்க முன்கண்ணாடி விரிய வேண்டும். அவற்றின் கோணலைத் திருத்த உள்ளே மேலும் கண்ணாடிகள் சேரும். 24 எம்.எம். பார்க்கும் கோணம் 84 டிகிரி, 28 பார்ப்பது 75. அந்த 9 டிகிரியை விட்டுக்கொடுத்ததில்தான் எடையின் பெரும்பகுதி கரைந்திருக்கிறது.

அது நஷ்டமில்லையா என்றால், சில இடங்களில் நஷ்டம்தான். சின்னச் சமையலறையில் முதுகு சுவரில் முட்டும். கர்ப்பக்கிரகத்துக்கு முன்னாலுள்ள குறுகிய மண்டபத்தில் மேல்விதானமும் தூணின் அடியும் ஒன்றாக வராது. ஆனால் அன்றாடப் படங்களில் மனிதர்கள்தான் அதிகம். 24-இல் குடும்பப் படம் எடுத்தால் வரிசையின் கடைசியில் நிற்கும் மாமாவின் முகம் பக்கவாட்டில் இழுபட்டுப் போகும். 28-இல் அந்த இழுப்பு கண்ணை உறுத்தாத அளவுக்கு அடங்கிவிடுகிறது. தெருப் புகைப்படக்காரர் கேரி வினோகிராண்ட் நியூயார்க் தெருக்களின் நெரிசலை 28-ஐ வைத்துக்கொண்டுதான் அள்ளினார். அந்தக் கோணத்தில் கூட்டம் கூட்டமாகவே இருக்கும். கிட்டத்தில் இருப்பவரும் மனிதராகவே இருப்பார். எனக்கு இந்தக் கோணம் மிகப் பிடித்தமானது. 24-இன் பார்வை கொஞ்சம் ஆரவாரமானது. 28 அதைவிடப் பண்பானது.

இந்த முடிவு 2018-இல் திடீரென்று வந்ததல்ல. 1950-இல் ஜப்பானில் தொடங்கிய டாம்ரான், 2003-லேயே எஸ்.எல்.ஆர். கேமராக்களுக்கு ஒரு 28-75 எஃப்2.8 செய்திருந்தது. ஏ09 என்று புழங்கிய அந்த லென்ஸின் எடை 510 கிராம். ஃபில்டர் அதே 67 எம்.எம். ஃபோகஸ் மோட்டார் கரகரவென்று சத்தம் போடும், மங்கிய வெளிச்சத்தில் இலக்கைத் தேடி முன்னும் பின்னும் அலையும். ஆனாலும் நிறையப் பேருடைய தோள்பையில் அது இருந்தது. 2009-இல் சோனி தன் ஆல்ஃபா எஸ்.எல்.ஆர். வரிசைக்கு வெளியிட்ட 28-75 எஃப்2.8-இலும் ஏ09-இல் இருப்பதுபோலவே 14 தொகுதிகளில் 16 கண்ணாடிகள்தான். 2021 கடைசியில் நிக்கான் தன் இசட் வரிசைக்கு ஒரு 28-75 எஃப்2.8 அறிவித்தது. 12 தொகுதிகளில் 15 கண்ணாடிகள், 67 எம்.எம். ஃபில்டர், மிகக் கிட்டத்து ஃபோகஸ் 19 செ.மீ. ஏ036-இன் கணக்கும் இம்மி பிசகாமல் இதுவே. வெளியார் லென்ஸ் என்று தள்ளிவைத்துப் பேசுகிறவர்களிடம் இந்த இரண்டு தகவல்களையும் நான் மறக்காமல் சொல்வேன்.

மவுண்ட் விஷயத்திலும் காலம் மாறியிருக்கிறது. முன்பெல்லாம் தேர்ட் பார்ட்டிக்காரர்கள் கேமராவும் லென்ஸும் பேசிக்கொள்ளும் பாஷையை ஒட்டுக்கேட்டுத்தான் கற்க வேண்டியிருந்தது. புதிய கேமரா வந்ததும் பழைய லென்ஸ் ஊமையாகிவிடும் ஆபத்து உண்டு. சோனி 2011-இல் ஈ மவுண்ட்டின் அடிப்படை விவரங்களைக் கட்டணமின்றித் திறந்துவிட்டது. டாம்ரானில் சோனிக்குப் பங்கும் உண்டு. அதனால் ஏ036 கண்ணைத் தேடிப் பிடிக்கும் ஆட்டோ ஃபோகஸில் தடுமாறுவதில்லை. ஏ9, ஏ1 போன்ற கேமராக்களில் மட்டும் தொடர்படம் விநாடிக்கு 15-க்கு மேல் போகாது. பிறந்தநாள் கேக் வெட்டுவதற்கு அது போதும்.

இந்த லென்ஸில் நான் அதிகம் சொக்கிப்போவது அதன் கிட்டப்பார்வையில். 28-இல் வைத்துக்கொண்டால் சென்சாரிலிருந்து 19 செ.மீ. வரை நெருங்கலாம். லென்ஸின் நீளத்தைக் கழித்தால் முன்கண்ணாடிக்கும் பொருளுக்கும் இடையே ஏறக்குறைய 5 செ.மீ. மட்டும். உருப்பெருக்கம் 1:2.9, அதாவது 10 செ.மீ. அகலமுள்ள பொருள் படத்தை நிறைத்துவிடும். அந்தத் தூரத்தில் ஹூடைக் கழற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் அதன் நிழலே பொருள்மீது விழும். மேக்ரோ லென்ஸ் பூவை அதன் சூழலிலிருந்து பிய்த்தெடுத்துக் காட்டும். இதுவோ பூவை முகத்தருகே நிறுத்தி, பின்னால் கொல்லையையும் கிணற்றடியையும் துணிக்கொடியையும் கரைந்த வடிவங்களாகக் கூடவே கொண்டுவரும். கோலப்பொடி விழும் விரல்களை எடுத்தால், பின்னால் தெரு முழுவதும் இருக்கும். பொருளையும் அது இருக்கும் இடத்தையும் ஒரே படத்தில் சொல்லும் இந்த வித்தை பெரும்பாலான 24-70-களுக்கு வராது. 75-இல் நெருக்கம் 39 செ.மீ., உருப்பெருக்கம் 1:4. காதில் ஆடும் ஜிமிக்கிக்கு அது சரியான தூரம், எடுக்கப்படுகிறவருக்கும் கூச்சமில்லை.

வெளிச்சத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சாதாரண கிட் லென்ஸ் 70-க்குப் போகும்போது எஃப்5.6-க்கு இறங்கிவிடும். எஃப்2.8 அதைப்போல நான்கு மடங்கு ஒளியை விடும். 15-இல் ஒரு பங்கு விநாடி எடுக்க வேண்டிய இடத்தில் 60-இல் ஒரு பங்கு போதும். ராத்திரி, கூடத்தில் ஒற்றை எல்.ஈ.டி. விளக்கின் கீழ் பாட்டி சிரிக்கும் படத்துக்கு அந்த வித்தியாசம்தான் எல்லாம்.

குறைகளையும் சொல்ல வேண்டும். பின்னணியில் விளக்குகள் வட்டங்களாக மலரும்போது, உற்றுப் பார்த்தால் உள்ளே வெங்காயத்தை வெட்டியதுபோன்ற வளையங்கள் தெரியும். ஓரத்து வட்டங்கள் ஒடுங்கிப்போகும். 75-இல் முழுவதும் திறந்து எடுத்தால் மூலைகள் மிருதுதான். திருத்தாத ராவ் படத்தில் நேர்கோடுகள் வளைகின்றன, ஓரங்கள் இருள்கின்றன. இவற்றில் கோட்டின் வளைவும் ஓரத்து இருட்டும் மென்பொருளில் போய்விடுவதால் நான் பொருட்படுத்துவதில்லை. அந்த வேலையைக் கண்ணாடியில் செய்திருந்தால் எடை கூடியிருக்கும். மூலையில் இல்லாத விவரத்தை மட்டும் எந்த மென்பொருளும் வரவழைக்க முடியாது. அதனால் மூலைகளைக் கண்ணாலேயே சோதிக்க வேண்டும்.

கடையில் லென்ஸை மாட்டியதும் பலரும் எதிரே நிற்கும் விற்பனையாளரின் முகத்தை எடுத்துத் திரையில் பெரிதாக்கிப் பார்க்கிறார்கள். நடுவில் எடுத்த முகம் இன்று எந்த லென்ஸிலும் கூர்மையாகத்தான் வரும். வாசலுக்கு வந்து, எதிர்க் கட்டடத்தின் முகப்புக்கு நேராக நில்லுங்கள். ஜன்னல் கம்பியும் பலகை எழுத்தும் நான்கு மூலைகளிலும் இருக்க வேண்டும். 28-இல் ஒன்று, 50-இல் ஒன்று, 75-இல் ஒன்று, எல்லாம் எஃப்2.8-இல். நான்கு மூலைகளும் ஒரே அளவுக்கு மிருதுவாக இருந்தால் அது அந்த லென்ஸின் இயல்பு. மூன்று தெளிந்து ஒன்று மட்டும் கலங்கியிருந்தால் உள்ளே ஏதோ ஒரு கண்ணாடி சாய்ந்திருக்கக்கூடும். கேமராவைத் தலைகீழாகப் பிடித்து அதே முகப்பை மறுபடி எடுங்கள். கலங்கல் கட்டடத்தோடு நிற்காமல் கேமராவோடு சேர்ந்து இடம் மாறினால் சந்தேகமே வேண்டாம். ஜூம் லென்ஸில் தொகுதிகள் தனித்தனியாக நகர்வதால் மயிரிழைச் சாய்வும் படத்தில் தெரிந்துவிடும். ராத்திரியில் சோதிப்பது இன்னும் சுலபம். தூரத்துத் தெருவிளக்கை ஃபோகஸுக்கு வெளியே விட்டு, வட்டத்தை இடது ஓரத்திலும் வலது ஓரத்திலும் வைத்து எடுத்தால், இரண்டும் கண்ணாடியில் பார்த்த பிம்பங்கள்போல ஒத்திருக்க வேண்டும். லென்ஸின் கூர்மையைக் காட்டும் எம்.டி.எஃப். வரைபடங்கள் அந்த மாடலின் வடிவமைப்பைச் சொல்கின்றன. கையில் வரும் ஒரு பிரதி எப்படி இருக்கிறது என்பதை இந்தச் சோதனைதான் சொல்லும்.

வெளியே எடுத்து வைத்தவற்றில் எனக்கு உடன்பாடில்லாதது ஒன்று உண்டு. ஆட்டோ ஃபோகஸிலிருந்து கை ஃபோகஸுக்கு மாற்றும் ஸ்விட்ச் லென்ஸில் இல்லை. உள்ளே நடுக்கம் தடுக்கும் பொறி இல்லாததை ஏற்கலாம், அது கேமராவிலேயே இருக்கிறது. ஸ்விட்ச் சில கிராம்கூட வராது. கோலத்தருகே குனிந்து மில்லிமீட்டர் கணக்கில் ஃபோகஸ் வைக்கும் வேளையில் மெனுவுக்குள் நுழைவது எரிச்சல். 2021-இல் வந்த ஜி2 பதிப்பு இதைப் பாதி தீர்த்தது. லென்ஸ்மீது ஒரு பொத்தான் வைத்து, அதற்கு இந்த வேலையைக் கொடுக்க வழிசெய்தார்கள். ஃபோகஸ் மோட்டாரும் வேகமெடுத்தது, மூலைகளும் இறுகின. எடையோ 10 கிராம் குறைந்து 540 ஆனது. புதிதாக வாங்குகிறவருக்கு ஜி2-வைத்தான் சொல்வேன். கைமாறி வரும் ஏ036 நல்ல பிரதியாக அமைந்தால் தயங்க வேண்டாம்.

24 இல்லாமல் முடியாது என்பவர்களுக்கு சிக்மாவின் 24-70 ஆர்ட் இருக்கிறது. அதன் 2019 பதிப்பு 800 கிராமைத் தாண்டும், ஃபில்டர் 82. நான் அந்தப் பக்கம் போக மாட்டேன். ஏனென்றால் டாம்ரான் 2019-இல் 17-28 எஃப்2.8-ஐயும் 2020-இல் 70-180 எஃப்2.8-ஐயும் வெளியிட்டது. அகலம் வேண்டியவருக்கு முதல் லென்ஸ் சரியாக 28-இல் வந்து நிற்கிறது, எடை 420 கிராம்தான். மூன்றுக்கும் ஃபில்டர் 67. ஒரே போலரைசரை மூன்றிலும் மாற்றி மாற்றி மாட்டிக்கொள்ளலாம்.