உயரத்தைத் தீர்மானிப்பது மெத்தை

தென்கொரியாவின் குமி நகரில் நடந்த ஆசிய தடகள சாம்பியன்ஷிப்பில், 2025 மே 30 அன்று, 18 வயது பூஜா சிங் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார். உஸ்பெகிஸ்தானின் சஃபினா சதுல்லாயேவா 1.86 மீட்டருடன் வெள்ளியோடு நின்றுவிட்டார். மகளிர் உயரம் தாண்டுதலில் இந்தியாவுக்கு இந்தப் போட்டியில் இது இரண்டாவது தங்கம். முதல் தங்கத்தை 2000-ல் ஜகார்த்தாவில் கேரளத்தின் பாபி அலோசியஸ் வாங்கினார். நடுவில் கால் நூற்றாண்டு ஓடிவிட்டது.

1.89 என்பது தமிழ் ரசிகர்களுக்குப் பழகிய எண்தான். 2016 ரியோ பாராலிம்பிக்கில் சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டியின் மாரியப்பன் தங்கவேலு தங்கம் வென்றதும் இதே உயரத்தில். ஆனால் மகளிர் போட்டியில் இந்த உயரத்துக்கு என்ன மதிப்பு என்பதைக் கொண்டாட்டம் அடங்கிய பிறகு நிதானமாகப் பார்க்க வேண்டும்.

ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் 2010, 2014, 2018 என்று மூன்று முறை தொடர்ந்து தங்கம் வென்றவர் உஸ்பெகிஸ்தானின் ஸ்வெட்லானா ராட்ஸிவில். 2018-ல் அவர் தாண்டியது 1.96. கஜகஸ்தானின் நதேழ்தா துபோவிட்ஸ்கயா 2021-ல் 2.00 மீட்டரைத் தாண்டி ஆசிய சாதனையை எழுதினார். உலக சாதனை அதற்கும் மேலே. பல்கேரியாவின் ஸ்டெஃப்கா கோஸ்டடினோவா 1987-ல் ரோமில் வைத்த 2.09, ஏறத்தாழ 37 ஆண்டுகள் அசையாமல் இருந்தது. 2024 ஜூலை 7 அன்று பாரிஸில் உக்ரைனின் யாரோஸ்லாவா மஹூச்சிக் அதை 2.10 ஆக்கினார்.

இந்தியாவின் தேசிய சாதனையோ 1.92. கர்நாடகத்தின் சஹானா குமாரி 2012-ல் ஹைதராபாத்தில் தாண்டியது. அதற்கு முந்தைய சாதனை, 2004-ல் சென்னையில் பாபி அலோசியஸ் தாண்டிய 1.91. எட்டு ஆண்டுகளில் நாம் ஏறியது ஒரே ஒரு சென்டிமீட்டர். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் உல்ரிகே மேஃபார்ட் என்ற 16 வயது மேற்கு ஜெர்மனிப் பள்ளி மாணவி தங்கம் வென்றதும் அதே 1.92-ல்தான். அன்று அது உலக சாதனைக்குச் சமம். உலகம் அன்று எட்டிய இடத்தை நாம் தொட 40 ஆண்டு ஆகியிருக்கிறது.

நம் பெண்களுக்குக் காலில் வலு இல்லை என்று சொல்லிவிட்டு நகர முடியாது. சிக்கல் கம்பிக்கு அந்தப் பக்கம் இருக்கிறது, விழுகிற இடத்தில்.

1958 டோக்கியோ ஆசிய விளையாட்டில் இலங்கைக்குத் தங்கம் வாங்கிக் கொடுத்த யாழ்ப்பாணத் தமிழர் எதிர்வீரசிங்கம் தாண்டியது 2.03 மீட்டர். அந்தத் தலைமுறைக்கு வாய்த்தது மணல் குழி. மணலில் விழுகிறவர் காலையோ கையையோ ஊன்றித்தான் இறங்க வேண்டும், அதனால் தாண்டும் முறையும் அதற்கேற்றபடிதான் இருந்தது. நுரை மெத்தை வந்த பிறகுதான் முதுகைக் கம்பிக்குக் காட்டித் தாண்டும் துணிச்சல் வந்தது. 1968 மெக்ஸிகோ ஒலிம்பிக்கில் அமெரிக்காவின் டிக் ஃபாஸ்பரி அப்படித் தாண்டி 2.24 மீட்டரில் தங்கம் வென்றார். நான்கு ஆண்டு கழித்து மேஃபார்ட் கையில் எடுத்ததும் அந்த ஃபாஸ்பரி முறையைத்தான்.

அந்த முறையின் சூட்சுமம் ஓட்டத்தில் தொடங்குகிறது. முதலில் நேராக ஓடி, கடைசி நான்கைந்து எட்டுகளை வளைவாக எடுக்க வேண்டும். வளைவில் உடல் கம்பிக்கு எதிர்ப்பக்கம் சாயும். கம்பிக்குத் தூரத்தில் இருக்கும் காலை ஊன்றி எழும்பும்போது அந்தச் சாய்வு நிமிர்ந்து, ஓட்ட வேகம் மேல்நோக்கித் திரும்பும். தலை, தோள், இடுப்பு என்று ஒவ்வொன்றாகக் கம்பியைக் கடக்க வேண்டும். இடுப்பு கடந்ததும் காலை உதறித் தூக்க வேண்டும். உடல் வளைந்து கடப்பதால் அதன் எடை மையம் கம்பிக்குக் கீழாகக்கூடப் போக முடியும். அதாவது எழும்பிய உயரத்தைவிடத் தாண்டிய உயரம் அதிகமாகக் கிடைக்கும். இத்தனை ஆதாயத்துக்கும் விலை ஒன்றுதான், கடைசியில் மேல்முதுகில் விழ வேண்டும். மணலில் அதைச் செய்தால் கழுத்துக்கு ஆபத்து.

பூஜாவின் கதையிலும் இதுதான் முதல் சிக்கல். ஹரியானாவின் ஃபதேஹாபாத் மாவட்டத்தில் பொஸ்தி என்பது அவர் ஊர். அப்பா கொத்தனார். தொடக்க காலப் பயிற்சியில் கம்பிக்குப் பதில் மூங்கில் கழி, மெத்தைக்குப் பதில் வைக்கோல் அடைத்த சாக்குகள். இதை ஏழ்மையின் சோகக் கதையாக மட்டும் படித்தால் முக்கியமான விஷயம் கை நழுவிவிடும். அந்தச் சாக்கு மூட்டைகள் இருந்ததால்தான் சின்ன வயதிலேயே அவரால் முதுகில் விழுந்து பழக முடிந்தது. பயிற்சியாளருக்கு எதை முதலில் ஏற்பாடு செய்ய வேண்டும் என்று தெரிந்திருக்கிறது.

இதே சிக்கல் நம் பக்கத்தில் எப்படி இருக்கிறது என்று பார்க்க, இப்போது திருவண்ணாமலைக்கு வருவோம். ஓட்டத்துக்கு இந்த ஊரில் இடப் பஞ்சம் கிடையாது, கிரிவலப் பாதை மட்டுமே 14 கிலோமீட்டர். நீளம் தாண்டுதலுக்குப் பள்ளி மைதானத்தின் மூலையில் ஒரு மணல் குழி போதும். உயரம் தாண்டுதலுக்கு அதெல்லாம் காணாது. பெரிய போட்டிகளுக்கு 6 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், 70 சென்டிமீட்டர் தடிமனில் மெத்தை வேண்டும். அதை வெயிலிலும் மழையிலும் போட்டு வைத்தால் நுரை நைந்துபோகும், மூட உறை வேண்டும், நகர்த்த ஆள் வேண்டும். கிராமப்புறப் பள்ளிகளின் உடற்கல்வி ஆசிரியர்களுக்கு இந்தத் தொல்லை தெரியும். மெத்தை இல்லாத பள்ளியில் அவர்கள் கற்றுக்கொடுக்க முடிவது கத்தரி முறைதான். ஒரு காலுக்குப் பின் மறு காலை வீசி, நின்றபடி மணலில் இறங்குவது.

குறுவட்டப் போட்டியில் அந்த முறையில் ஜெயித்துவிடலாம். மாவட்டப் போட்டிக்கு வரும்போதுதான் வித்தியாசம் தெரியும். ஜவ்வாது மலையிலிருந்தோ செங்கம் பக்கமிருந்தோ வருகிற ஒரு மாணவி, நல்ல உயரமும் எம்புகிற காலும் இருந்தும், மெத்தையைக் கண்டு தயங்குவாள். போட்டி நாளன்று முதல் தடவையாக முதுகில் விழச் சொன்னால் யாருக்குத்தான் பயம் வராது? பதினேழு வயதில் அவளை விடுதியில் சேர்த்து ஃபாஸ்பரி முறை சொல்லிக்கொடுத்தால், ஐந்து வருடமாக உடம்பில் ஊறிய பழக்கத்தை முதலில் அழிக்க வேண்டும். அதற்குள் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு வந்துவிடும்.

மெத்தையின் பலன் பயத்தைப் போக்குவதோடு முடிவதில்லை, தவறாமல் தாண்டும் பழக்கமும் அதிலிருந்துதான் வரும். சர்வதேச மேடையில் பதக்கத்தைப் பிரிப்பது எப்போதும் உயரமாக இருப்பதில்லை. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மஹூச்சிக்கும் ஆஸ்திரேலியாவின் நிக்கோலா ஒலிஸ்லாகர்ஸும் தாண்டியது ஒரே 2.00. தவறு குறைவு என்பதால் தங்கம் மஹூச்சிக்குக்குப் போனது. 2025 டோக்கியோ உலக சாம்பியன்ஷிப்பில் மறுபடியும் அதே கணக்கு. ஒலிஸ்லாகர்ஸும் போலந்தின் மரியா ஜோஜிக்கும் 2.00. முதல் முயற்சியிலேயே தாண்டிய ஒலிஸ்லாகர்ஸுக்குத் தங்கம். மஹூச்சிக் 1.97-ல் நின்று, செர்பியாவின் ஆஞ்செலினா தோப்பிச்சுடன் வெண்கலத்தைப் பகிர்ந்துகொண்டார்.

விதி எளிது. ஒவ்வொரு உயரத்துக்கும் மூன்று முயற்சி. இருவர் ஒரே உயரத்தில் நின்றால், அந்த உயரத்தை யார் குறைந்த முயற்சியில் தாண்டினார் என்று பார்ப்பார்கள். அதிலும் சமம் என்றால் மொத்தத் தவறுகளை எண்ணுவார்கள். ஆக, கீழே உள்ள உயரங்களில் அலட்சியமாக ஒரு தடவை கம்பியைத் தட்டினால், அது இரண்டு மணி நேரம் கழித்துப் பதக்கத்தைப் பறிக்கும். ஒலிஸ்லாகர்ஸ் ஒவ்வொரு தாண்டலுக்குப் பின்னும் உட்கார்ந்து ஒரு நோட்டில் எழுதுவதைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். தன் தாண்டலுக்குத் தானே பத்துக்கு மதிப்பெண் போட்டுக்கொள்கிறார்.

அந்த டோக்கியோ இறுதிப் போட்டியில் நடுவே மழை கொட்டியது. நான்கு ஆண்டு முன்பு, 2021 பாராலிம்பிக்கில், மாரியப்பனையும் டோக்கியோ மழைதான் சோதித்தது. காலுறை நனைந்து சிரமமானதாக அவரே சொன்னார். 1.86-ல் வெள்ளி கிடைத்தது. ஈரத் தரையிலும் கால் ஊன்றும் இடம் மாறாமல் இருக்க ஒரே வழி, அந்த எட்டுகளை ஆயிரக்கணக்கான தடவை வைத்திருப்பது. தினமும் விழ மெத்தை இருந்தால்தான் தினமும் தாண்ட முடியும்.

பூஜா 1.92-ஐத் தாண்டுவாரா என்று கேட்பது நியாயமான ஆவல். வயது அவர் பக்கம் இருக்கிறது. ஆனால் ஒருவர் 1.93 தாண்டினால் நமக்குக் கிடைப்பது ஒரு புதிய சாதனை மட்டும். ஒரே ஆண்டில் ஐந்து பெண்கள் 1.85 தாண்டினால் ஒருவரை ஒருவர் துரத்துகிற போட்டி உருவாகும், 1.95 அதிலிருந்துதான் வரும். கிரேசினா மெர்லி, கோபிகா போன்ற தமிழகப் பெண்கள் தேசியப் போட்டிகளில் தாண்டிக் காட்டியிருக்கிறார்கள், ஆள் பஞ்சம் நமக்கில்லை. மாவட்ட அரங்கத்தில் மட்டும் என்றில்லாமல் ஒன்றியத்துக்கு ஒரு மெத்தை, அதை மாலையில் திறந்து வைக்க ஒரு பயிற்சியாளர், 12 வயதில் அங்கே வந்து சேரப் பஸ் வசதி. ஆசியத் தங்கத்துக்கு இன்னொரு 25 ஆண்டு காத்திருக்க வேண்டாம் என்றால், செலவு செய்ய வேண்டியது இந்த மூன்றுக்குத்தான்.