மேசையும் விரிப்பும்

சமய நூலொன்றை ஆராய்வோர் அது விதித்தவற்றை மட்டுமன்றி, விலக்க முயன்றும் விலக்க முடியாமற் போனவற்றையும் நோக்குதல் வேண்டும். யூதரின் ஒழுக்கச் சட்ட நூலாகிய ‘ஷுல்ஹான் அரூக்’ இதற்கு நல்ல சான்று. ஒழுங்குசெய்து வைத்த மேசை என்பது அப்பெயரின் பொருள். சபேத் நகரில் வாழ்ந்த யோசேப்பு காரோ இயற்றிய இந்நூல், 1565ஆம் ஆண்டில் வெனிஸ் நகரில் அச்சேறிற்று.

பாவநிவர்த்தி நாளுக்கு முந்திய தினத்தில், கோழியொன்றைத் தலையைச் சுற்றித் தம் பாவத்துக்கு ஈடாக அறுக்கும் வழக்கம் யூதரிடையே உண்டு. ‘கப்பாரோத்’ என்பது அதன் பெயர். தல்மூதிலே இதற்கு விதி கிடையாது. பிற்காலத்துப் பாபிலோனியப் பண்டிதரின் உரைகளிலேயே இது காணப்படுகின்றது. 1310இல் மறைந்த பார்சலோனாப் பெரியார் சாலமோன் இப்னு அத்ரேத் இதனைப் புறச்சமயத்தாரின் மூட வழக்கமெனக் கண்டு, தம் ஊரில் நிறுத்தினார். காரோவும் அவ்வழியே நின்று, 605ஆம் பிரிவில், இது தடுக்கத் தக்கதென ஒரே வாக்கியத்தில் முடித்தார்.

கிராக்கோ நகரத்து மோசே இசர்லஸ் இந்நூலுக்கு ‘மேசை விரிப்பு’ என்னும் பெயரால் குறிப்புரை வரைந்தார். தம் நாட்டில் முன்னோர் கைக்கொண்ட வழக்கமாதலின் இதனை மாற்றலாகாது என்பது அவர் வாதம். இவ்வாதத்தை நாம் ஒப்பவில்லை. பழமை ஒரு செயலின் வயதைக் காட்டுமேயன்றி, அதன் நியாயத்தைக் காட்டாது. ஆயினும் அக்குறிப்பிலேயே அருமையானதொரு செய்தி உளது: அக்கோழியை ஏழைகட்கு ஈவதும், அதற்கு ஈடான பணத்தை அவர்கட்கு அளிப்பதும் வழக்கமென அவர் எழுதுகின்றார். இன்று யூதருட் பலர் கோழியை விடுத்துப் பணத்தையே சுற்றித் தருமத்துக்கு வழங்குகின்றனர்.

காரோவின் தீர்ப்பு நேரியது, ஆனால் வறியது. கூடாதென்றவர், பாவத்துக்கு அஞ்சிய மனம் அன்று செய்யத் தக்கது யாதென அங்குக் கூறவில்லை. இசர்லஸின் காரணமோ மெலிந்தது; எனினும் அவர் காட்டிய கொடையின் வழியே பின்னாளில் பறவையின் உயிருக்கும் ஏழையின் வயிற்றுக்கும் உதவிற்று.

மறுப்பையும் மறுப்புக்கு மறுப்பையும் வெவ்வேறு எழுத்துருவில் ஒரே பக்கத்தில் அச்சிட்டு வந்ததே இந்நூலின் தனிச் சிறப்பு. தோற்ற கருத்தை அழித்துவிடாத நூல், படிப்போரைத் தீர்ப்பளிக்க அழைக்கின்றது. சீர்திருத்தம் விழைவோர் இங்குக் கற்பது ஒன்றுண்டு: மூட வழக்கத்தைக் கண்டிப்பதோடு நில்லாமல், அது நின்ற இடத்தில் நற்செயலொன்றை நிறுத்துதல் வேண்டும். வெற்றிடம் விட்டால் பழையதே மீண்டும் வந்து குடியேறும்.