கையறுநிலையும் ஜனநாயகமும்: கிழக்கு ஜேர்மனி பற்றிய ஒரு நோக்கு

சர்வாதிகாரத்தினின்று விடுபடும் சமூகங்களிற் காணப்படும் செயலின்மையை விளக்குவதற்குக் ‘கற்றுக்கொண்ட கையறுநிலை’ என்னும் உளவியற் கருத்து அடிக்கடி எடுத்தாளப்படுகின்றது. 1967 இல் மாட்டின் செலிக்மன், ஸ்டீவன் மேயர் ஆகியோர் நாய்களைக் கொண்டு நடத்திய பரிசோதனையே இதன் தோற்றுவாய். தவிர்க்கவியலாத மின்னதிர்ச்சிக்கு உட்பட்ட நாய்களுட் பல, பின்னர் தப்ப வழியிருந்தும் முயலாது கிடந்தன. இம்முடிவை ஒரு மக்கட் சமூகத்தின்மீது அவ்வாறே பொருத்துதல் தகுமா என்பதே எமது வினா.

கிழக்கு ஜேர்மனியை எடுத்துக்கொள்வோம். நாற்பதாண்டு ஒற்றைக்கட்சி ஆட்சியே அம்மக்களின் முன்முயற்சியை அழித்தது என்பர். ஸ்டாசி எனப்பட்ட உளவமைப்பு 1989 இல் ஏறத்தாழ 91,000 முழுநேர ஊழியரைக் கொண்டிருந்தது; அது விதைத்த அச்சத்தை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. எனினும், அவ்வாண்டு ஒக்டோபர் 9 அன்று, துப்பாக்கிச் சூடு நிகழக்கூடும் என்ற அச்சத்தின் மத்தியிலும், சுமார் 70,000 பேர் லைப்சிக் வீதிகளில் இறங்கினர். டிசம்பர் 4 இல் ஏர்ஃபூர்ட் நகர மக்கள், ஆவணங்கள் அழிக்கப்படுவதைத் தடுக்க, ஸ்டாசி அலுவலகத்தினுட் புகுந்தனர். எதிரணிக் குழுக்களும் பழைய கட்சிகளும் கூடிய வட்டமேசை, புதிய அரசியலமைப்புக்கான வரைவொன்றை ஆக்குவித்தது. இவை கையறுநிலையைக் கற்றோரின் செயல்களல்ல.

பின்னர் நிகழ்ந்தது யாது? 1990 ஏப்ரிலில் முன்வைக்கப்பட்ட அவ்வரைவு கைவிடப்பட்டது. ஒக்டோபர் 3 இல் மேற்கின் அடிப்படைச் சட்டம் கிழக்கிற்கு விரிக்கப்பட்டது. மார்ச் தேர்தலில் துரித இணைப்பை நாடியோர் பெரும்பான்மையினர் என்பது உண்மையே. ஆயின் இணைப்பிற்கு வாக்களித்தமை, தம் தொழிற்சாலைகளின் தலைவிதியைப் பிறர் தீர்மானிக்க இசைந்தமையாகாது. சுமார் 8,500 நிறுவனங்களும் அவற்றின் நாற்பது இலட்சம் தொழிலாளரும் ட்ரொய்ஹான்ட் என்னும் அரச முகவரகத்தின் பொறுப்பிலாயினர். 1994 இறுதியில் அது கலைக்கப்பட்டபோது, அவ்வேலைகளிற் பெரும்பகுதி மறைந்திருந்தது.

2016 இல் மேயரும் செலிக்மனும் தம் கோட்பாட்டையே திருத்தினர். நீடித்த துன்பத்தின்முன் செயலற்றிருத்தல் இயல்பான எதிர்வினை. கற்கப்படுவது கையறுநிலையன்று, தன் செயலால் நிலைமையை மாற்றலாம் என்னும் அறிவே என்றனர். இதன் வழி நோக்கின், 1989 ஒரு மாபெரும் கல்வி. அடுத்து வந்த ஆண்டுகள் அக்கல்வியைப் பயன்படுத்த இடமளிக்கவில்லை.

எனவே, குறையை மக்களின் மனத்தில் மாத்திரம் தேடுவது, புதிய அதிகாரத்தை விசாரணையினின்று விடுவிப்பதாகும். சர்வாதிகாரம் வீழ்ந்த நாட்டிற் கேட்கப்பட வேண்டிய வினா, மக்கள் குணமடைந்தனரா என்பதன்று. அவர்தம் செயலுக்குப் பயன் விளையும் அமைப்புகள் உருவாகினவா என்பதே.